படித்து முடித்தாச்சு, இனி யாரிடம் சொல்வது?

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நாவலைப் படித்து முடிக்கிறாள். கதாநாயகி மேல் கோபம். முடிவின் மேல் அதைவிடப் பெரிய கோபம். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், இவளுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. மறுநாள் என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது இதுதான்: “அக்கா, இதை நான் எங்க போய்க் கொட்டுறது?”

சில வருடங்களாகப் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களுக்கென்று எழுதப்படும் இக்கால நாவல்களைப் படித்துவருகிறேன். கொட்டுவதற்கு இடப் பஞ்சமே இல்லை. நட்சத்திரம் போடலாம். கைபேசியை நிறுத்திவைத்து ஒரு நிமிட வீடியோ எடுக்கலாம். விமர்சனம் எழுதலாம். நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேசலாம். நடுவர் குழுவாகக் கூடித் தீர்ப்புச் சொல்லலாம். ஒரே பிரதியைக் கைமாற்றி, பக்க ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். இந்த ஆறையும் நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். எல்லாமே ‘கருத்துப் பகிர்வு’ என்ற ஒரே பெயரில் போனாலும், ஒவ்வொன்றும் பிள்ளைகளிடமிருந்து வாங்கிக்கொள்வது வேறு, திருப்பிக் கொடுப்பது வேறு.

ஒப்பிட எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். பேசி முடித்த பிறகு அந்தப் பிள்ளை புத்தகத்தை மறுபடி திறக்கிறாளா? ஒரு பக்கத்தையாவது தேடிப் புரட்டுகிறாளா? திறந்தால் அந்த வழி நல்ல வழி.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். இளையோர் நாவல் என்பது இளையோர் பற்றியது, இளையோருக்கானது. ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் இளையோர்? இந்த வகைக்கு முன்னோடி என்று பலரும் சொல்லும் ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967-இல் அச்சாகி வந்தபோது, அதை எழுதிய எஸ்.ஈ. ஹின்டனுக்கு வயது 18. தன் வயதுக்காரர்களின் வாழ்க்கையை உள்ளபடி சொல்லும் கதை கிடைக்கவில்லையே என்றுதான் அவர் எழுத உட்கார்ந்தார். அங்கிருந்து கிளம்பிய வண்டி எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். 2012-இல் பவ்கர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி, 12 முதல் 17 வயதினருக்கென்று பதிப்பிக்கப்படும் நூல்களை வாங்குகிறவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதை எட்டியவர்கள். அதில் பெரிய கூட்டம் 30 முதல் 44 வயது. சரி, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால், அதுவும் இல்லை. அவர்கள் வாங்கியதில் 78 சதவீதம் தாங்களே படிப்பதற்காக.

பெரியவர்கள் படிப்பதில் தப்பே இல்லை, நானே அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன். ஆனால் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஒரு இளையோர் நாவலைப் பற்றிச் சொல்வதைப் படிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை, அதில் பாதி தன் அத்தை வயதுக்காரர்களின் கருத்து என்று தெரியாமலே, “எனக்கு மட்டும்தான் இது பிடிக்கலையோ” என்று தன்னைச் சந்தேகப்படுகிறது. ஆகவே, இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது யார் காதில் போய் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நட்சத்திரத்தில் தொடங்கலாம், ஏனென்றால் அது சீக்கிரம் முடிந்துவிடும். வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் என்ற இணையதளம் 2007-இல் வந்தது, 2013-இல் அமேசான் அதை வாங்கிக்கொண்டது. அங்கே ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் பிடிக்கவில்லை, இரண்டு பரவாயில்லை, மூன்று பிடித்தது, நான்கு ரொம்பப் பிடித்தது, ஐந்து அற்புதம். அதன்படி மூன்று நட்சத்திரம் ஒரு பாராட்டு. ஆனால் விடைத்தாளிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஐந்துக்கு மூன்று என்றால் நூற்றுக்கு அறுபது, அதாவது சுமார். எங்கள் குழுவில் இரண்டு பேர் ஒரே நாவலுக்கு மூன்று போட்டிருந்தார்கள். ஒருத்திக்கு முதல் பாதி உயிர், முடிவு சொதப்பல்; கூட்டிக் கழித்து மூன்று. இன்னொருத்திக்கு அதில் வரும் அக்கா தன் அக்கா மாதிரியே இருந்ததால் படிக்கவே முடியவில்லை; கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்னொரு தடவை தொட மாட்டாள்; அதற்கும் மூன்று. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்டோரிகிராஃப் போன்ற தளங்களில் கால் நட்சத்திரம்கூடப் போடலாம். கால் நட்சத்திரத்தைக் கூட்டினால் இந்த அக்கா விவகாரம் வெளியே வந்துவிடுமா என்ன?

நம்பகமும் இல்லை. 2023 டிசம்பரில் முதல் நாவல் இன்னும் வெளிவராத ஒரு எழுத்தாளர், போலிக் கணக்குகளைத் தொடங்கித் தன்னோடு களத்தில் இறங்கும் மற்ற அறிமுக எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளியது அம்பலமாகி, அவருடைய பதிப்பகமே அவரைக் கைவிட்டது. நட்சத்திரத்தால் ஒரு பயன் உண்டு: இந்த வருடம் என்னென்ன படித்தேன் என்று பின்னால் பார்க்க உதவும். அது குறிப்பேடு. பகிர்வில் சேர்த்தி இல்லை.

வீடியோவை அப்படித் தள்ளிவிட முடியாது. ‘புக்டாக்’ என்று அழைக்கப்படும் அந்தக் குறுங்காணொளிகளின் பலம் கொஞ்சநஞ்சமல்ல. 2014-இல் வந்த ‘வீ வேர் லையர்ஸ்’ என்ற இளையோர் நாவல், ஆறு வருடம் கழித்து, பிள்ளைகள் அழுத முகத்தோடு எடுத்துப் போட்ட வீடியோக்களால் மறுபடி அதிகம் விற்கும் பட்டியலில் ஏறியது. எந்த விளம்பர நிறுவனத்தாலும் செய்ய முடியாத வேலை அது. புத்தகம் வந்து ஆறு வருடம் ஆகிவிட்டால் அதைச் செய்தித்தாள் மதிப்புரைக்காரர் சீந்த மாட்டார். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவள் நேற்றுதான் படித்தாள், அவளுக்கு அது புதுப் புத்தகம்.

ஆனால் அங்கே இரண்டே இரண்டு உணர்ச்சிக்குத்தான் மவுசு: தாங்க முடியாத காதல், தாங்க முடியாத வெறுப்பு. “நல்லாத்தான் இருந்தது, நடுவுல கொஞ்சம் இழுத்தாங்க” என்று சொல்கிறவரை யார் நின்று பார்ப்பார்கள்? இளையோர் நாவல்களைப் பற்றி நான் கேட்ட உருப்படியான கருத்துகளில் முக்கால்வாசி இந்த ‘நல்லாத்தான் இருந்தது, ஆனா’ ரகம். அந்த ‘ஆனா’வுக்கு அங்கே இடமில்லை. அப்புறம் முத்திரைகள். எதிரிகளாக இருந்து காதலர்களாகிறவர்கள், காதலிப்பதாக நடிக்கப் போய் நிஜமாகவே காதலில் விழுகிறவர்கள், ஒரே பெண்ணைச் சுற்றும் இரண்டு பையன்கள். இந்த முத்திரையை வைத்துப் புத்தகம் தேடுவது வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேடப் பயன்பட்ட முத்திரையையே தீர்ப்பாகவும் சொல்லப் பழகிவிடுகிறார்கள். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் முத்திரையின் பெயர்தான் பதிலாக வருகிறது.

எங்கள் பையன் ஒருவன் முகமே காட்டாமல் ஒரு வீடியோ எடுத்தான். மேசைமேல் புத்தகம், அதன்மேல் அவன் கை, ஒரு பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்தான், அவ்வளவுதான். மூன்று பேர் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்தார்கள். வீடியோவின் உண்மையான வேலை அதுதான்: கூப்பிடுவது. வந்தவர்களோடு பேசுவதற்கு வேறு இடம் வேண்டும். முகம் காட்டாததில் இன்னொரு லாபமும் இருந்தது. பதினாலு வயதில் ஒரு நாவலுக்காக அழுத முகம் இருபத்து நாலு வயதிலும் தேடினால் கிடைக்கும் என்பதை அந்த வயதில் யாரும் யோசிப்பதில்லை.

எழுத்து விமர்சனம் மெதுவாகப் பேசுகிறவர்களுக்கானது. கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு பெண், மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள்; நாங்கள் இரண்டு வாரம் பேசித் தவறவிட்டது அதில் இருந்தது. பேச்சில் முந்திக்கொள்கிறவன் ஜெயிப்பான், எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. படித்தது ஆங்கிலத்தில், யோசித்தது தமிழில் என்று இருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதும்போதுதான் தன் சொல் அகப்படுகிறது.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வரும். பின்னட்டை மொழி. முதல் தடவை எழுதச் சொன்னபோது பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ‘விறுவிறுப்பான நடை’ என்று எழுதியிருந்தார்கள். மெதுவாக நகர்வதுதான் அந்த நாவலின் அழகே. புத்தகத்தைப் படித்துவிட்டு, அதன் பின்னட்டையை எழுதுகிறார்கள். விமர்சனம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பார்த்துப் பழகிவிட்டது. நாங்கள் ஒரு தடைப்பட்டியல் போட்டோம்: விறுவிறுப்பு, நெகிழ்ச்சி, மனதைத் தொடும், அனைவரும் படிக்க வேண்டிய. கதைச்சுருக்கம் மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. ஒரு வரியையாவது பக்க எண்ணோடு எடுத்துக் காட்ட வேண்டும். கடைசி விதிதான் வேலை செய்தது, ஏனென்றால் பக்க எண் போட வேண்டுமென்றால் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும். பதிப்பகம் இலவசப் பிரதி தந்திருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் விதி. இலவசமாக வந்ததைத் திட்டுவது பெரியவர்களுக்கே கஷ்டம்.

எழுதி முடித்ததும் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. “சூப்பர்” என்று இரண்டு பேர் சொல்வார்கள். விமர்சனத்துக்குக் கிடைக்கும் பதில் விமர்சனம் எழுதியவரைப் பற்றித்தான் இருக்கும், நாவலைப் பற்றி இருக்காது.

பதில் வேண்டுமென்றால் வட்டமாக உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஐந்து பேர் நல்லது, ஏழு வரை தாங்கும். எட்டாவது ஆள் வந்ததும் இரண்டு பேர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். எப்படிப் பேசுவது என்பதற்கு ஏய்டன் சேம்பர்ஸ் 1993-இல் ‘டெல் மீ’ என்ற நூலில் ஒரு முறையைச் சொன்னார். அவரே இளையோர் நாவல் ஒன்றுக்காக, சிறார் இளையோர் நூல்களுக்கு இங்கிலாந்தில் தரப்படும் கார்னகி பதக்கம் வாங்கியவர். அவருடைய அடிப்படைக் கேள்விகள் நான்கு: பிடித்தது எது, பிடிக்காதது எது, குழப்பியது எது, திரும்பத் திரும்ப வந்தது எது. இன்னொன்றும் சொன்னார்: “ஏன்?” என்று கேட்காதீர்கள். கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். “ஏன் பிடிச்சுது?” என்று ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், “சும்மா, பிடிச்சுது” என்று தோளைக் குலுக்கும். “எந்த இடம், சொல்லேன்” என்று கேளுங்கள், பத்து நிமிடம் பேசும்.

நான்காவது கேள்வியை முதலில் நான் மதிக்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தது எது என்பது வகுப்பறைக் கேள்வி மாதிரி பட்டது. ஒருநாள் வேறு எதுவும் ஓடாததால் கேட்டுவைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பையன் சொன்னான்: “அவ அம்மாவோட முகமே வரலை அக்கா. எப்ப வந்தாலும் முதுகுதான். பாத்திரம் கழுவுறாங்க, ஜன்னல்கிட்ட நிக்கிறாங்க, கதவைத் திறந்துட்டுப் போறாங்க.” ஐந்து பேரும் புத்தகத்தைத் திறந்தார்கள். இருபது நிமிடம் ஒரே பக்கம் புரட்டும் சத்தம். ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள்: ஒரே ஓரிடத்தில், ஆஸ்பத்திரிக் காட்சியில், அம்மா திரும்பிப் பார்க்கிறாள். அதுவரை அந்த நாவலை ‘அம்மா அப்பாவே இல்லாத இன்னொரு கதை’ என்று அலுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இளையோர் நாவல்களில் பெற்றோரை எங்காவது அனுப்பிவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார்கள் என்பது பிள்ளைகளின் நிரந்தரப் புகார், நியாயமான புகாரும்கூட. இங்கே அது சோம்பலால் வந்ததில்லை என்று அவர்களே பிடித்துவிட்டார்கள். நான் மூன்று தடவை படித்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை.

வட்டம் கெடுவது பெரும்பாலும் பெரியவர்களால். முதல் வருடம் நான் வாயை மூடவே இல்லை. எழுத்தாளர் இதைத்தான் சொல்ல வருகிறார் என்று நான் விளக்க, அவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் “சரியா அக்கா?” என்று முடிக்கத் தொடங்கினார்கள். இப்போது முதல் அரை மணி நேரம் நான் பக்கத்து அறையில் இருப்பேன். பாதி படித்துவிட்டு வருகிறவனை என்ன செய்வது என்பது இன்னொரு தலைவலி. அவனை அனுப்பிவிடக் கூடாது என்பது என் கட்சி. எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய் என்று கேட்டால், அதுவே ஒரு விமர்சனம். இரண்டு பேர் ஒரே அத்தியாயத்தில் நிறுத்தியிருந்தால் தப்பு அவர்கள் மேல் இல்லை.

நடுவர் குழு என்பது வட்டத்துக்குப் பல் முளைத்தது போல. பிரான்சில் 1988 முதல் ‘கோன்கூர் தே லிசேயன்’ என்று ஒரு பரிசு இருக்கிறது. அந்த நாட்டின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூரின் பட்டியலில் இருக்கும் நாவல்களை, ஏறக்குறைய 2000 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இரண்டு மாதத்தில் படித்து, விவாதித்துத் தங்கள் பரிசைத் தருகிறார்கள். பெரியவர்களுக்கான நாவல்கள்தான், ஆனால் தீர்ப்பு பிள்ளைகளுடையது. 1995-இல் இரண்டு பரிசும் ஆந்த்ரேய் மக்கீனுக்கே போனது. 2018-இல் பெரியவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க, மாணவர்கள் தாவித் தியோப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெர்மனியில் 1956 முதல் தரப்படும் இளையோர் இலக்கியப் பரிசில், விமர்சகர் குழுவுக்கு இணையாக 2003 முதல் ஒரு இளையோர் நடுவர் குழுவும் இருக்கிறது. நாட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஆறு வாசிப்புக் குழுக்கள் சேர்ந்தது அது. அதற்குத் தனிப் பரிசு. இங்கிலாந்தில் 1936-இல் தொடங்கிய கார்னகி பதக்கத்தை நூலகர்கள்தான் தருகிறார்கள். ஆனால் இறுதிப்பட்டியல் நூல்களைப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பிள்ளைகள் குழுக்களாக நிழல் நடுவர்களாக இருந்து படிக்கிறார்கள், தங்களுக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் செய்கிறார்கள்.

நாங்களும் ஒரு தடவை ஐந்து நாவல்களை எடுத்துக்கொண்டு நிழல் நடுவர்களாக இருந்து பார்த்தோம். வட்டத்தில் “உனக்குப் பிடிச்சுது, எனக்குப் பிடிக்கல, சரி விடு” என்று எழுந்து போய்விடலாம். பரிசு ஒன்றுதான் என்றால் எழுந்து போக முடியாது. ஒருத்தியை மாற்ற வேண்டும், அல்லது தான் மாற வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும், ஆதாரம் புத்தகத்துக்குள் இருக்கிறது. என் அளவுகோல்படி இதற்கு முதலிடம் தர வேண்டும். தராமல் இருக்கக் காரணம், நாலாவது புத்தகத்தில் அவர்கள் முகத்தில் வந்த களைப்பு. பட்டியல் அவர்களுடையது அல்ல, கெடு அவர்களுடையது அல்ல. விரும்பிப் படிக்க வந்தவர்கள் வேலைக்குப் போவது போல வந்தார்கள். பின்னால் ஒரு நிறுவனமோ நல்ல நூலகமோ இருந்து, ஒவ்வொருவருக்கும் பிரதி கிடைத்து, வருடத்துக்கு ஒரு தடவை செய்தால் தாங்கும்.

கடைசியாகச் சுற்றுப் பிரதி. எனக்குப் பிடித்தது இதுதான், ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி, ஒரு பென்சில். படிக்கிறவர் ஓரத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பெயர் போட வேண்டியதில்லை. முன்னால் எழுதியவருக்குப் பதில் எழுதலாம். யார் எழுதியதையும் அழிக்கக் கூடாது. நூலகப் புத்தகத்தில் செய்யக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு நாவலில், குடித்துவிட்டுக் குடும்பத்தைச் சீரழித்த அப்பாவை மகன் மன்னிக்கிறான். அந்தப் பக்கத்தில் முதலில் படித்தவன் ஒரே வார்த்தை எழுதியிருந்தான்: ‘பொய்.’ பென்சில் முனை தாளைக் கிழிக்கிற அளவு அழுத்தம். அதன் கீழே வேறொரு கையெழுத்து, பொடிப் பொடியாக: ‘பொய் இல்ல. எங்க வீட்ல நடந்துச்சு. ஆனா இவ்ளோ சீக்கிரம் இல்ல.’ அதற்கும் கீழே மூன்றாவது ஆள்: ‘அப்போ பிரச்சினை மன்னிச்சது இல்ல, ரெண்டே பக்கத்துல மன்னிச்சதுதான்.’ எந்த மதிப்புரைக்காரரும் இதைவிடத் துல்லியமாக அந்த நாவலின் கோளாறைச் சொல்லிவிட முடியாது. வட்டமாக உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டாவது வரி வெளியே வந்தே இருக்காது. யார் வீட்டில் நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. சில மாதம் கழித்துப் பிரதி என் கைக்கு வந்தபோது, முதல் ‘பொய்’க்குப் பக்கத்தில் அதே அழுத்தத்தில் ஒரு கேள்விக்குறி முளைத்திருந்தது.

குறை இல்லாமல் இல்லை. மெதுவாகப் போகும், ஏழு பேர் கைமாற மூன்று நான்கு மாதம் ஆகும். கடைசி ஆளுக்குக் கதையைவிட ஓரம் பெரிதாகிவிடும், திருப்பங்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் கெடுத்து வைத்திருப்பார்கள். யார் முதலில் படிப்பது என்று சண்டை வரும். அச்சுப் புத்தகத்தில்தான் என்றில்லை, கதைகளை இணையத்திலேயே எழுதிப் படிக்கும் வாட்பேட் போன்ற தளங்களில் பத்திக்குப் பத்தி ஓரக்குறிப்பு எழுதும் வசதி இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு பத்திக்கு ஆயிரம் பேர் வந்து சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போவார்கள். ஏழு பேர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆக, தனியாகப் படிக்கிற பிள்ளை, சுற்றி யாரும் இல்லை என்றால் எழுதுவதுதான் வழி, பக்க எண்ணோடு. ஒரே ஒரு தோழி இருந்தால்கூடச் சுற்றுப் பிரதி தொடங்கிவிடலாம், அதற்குப் பெரியவர் யாரும் தேவையில்லை. ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் வட்டம். வீடியோ, புத்தகத்துக்கு ஆள் சேர்க்க. நட்சத்திரம், சொன்னேனே, கணக்குக்கு.

ஏழாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டேன். பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக் 1992-இல் வாசகருக்குப் பத்து உரிமைகளை வகுத்தார். மூன்றாவது, முடிக்காமல் விடும் உரிமை. பத்தாவது, படித்ததைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கும் உரிமை. ராத்திரி இரண்டு மணிப் பெண் எடுத்துக்கொண்டது அதைத்தான். எங்கே கொட்டுவது என்று என்னிடம் கேட்டவள், நான் ஆறு வழியையும் அடுக்கியதும், “அப்புறம் பார்க்கலாம் அக்கா” என்று போய்விட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பேச்சே இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். சுத்தமான பிரதி, நடுவில் எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை. கடைசி அத்தியாயத்தில் மட்டும் பென்சிலைச் செருகி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தில் ஒரே கேள்வி: ‘இவ ஏன் திரும்பிப் போனா?’ கீழே அடுத்தவர்களுக்கு நிறைய இடம் விட்டிருந்தாள்.